ஐயம் தெளிவோம்: ஆங்கிலத்தில் எது பிழை, எது பிழையன்று?



பள்ளிகளும் கல்லூரிகளும் திறந்து, பிள்ளைகள் புதுப் புத்தகங்களோடு வீடு திரும்பும் காலம் வந்தால், இப்பகுதிக்கு வரும் மடல்களின் போக்கும் மாறிவிடுகிறது. இம்முறை வந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஆங்கிலம் பற்றியவை. அவற்றுள் ஒரு மடலை முதலில் வைக்கிறேன். மற்ற வினாக்களுக்கும் அதுவே வாயில்.

வினா: சுவாமி, என் மகள் தமிழ் வழியில் பயின்று பட்டம் பெற்றவள். சென்ற மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். படிப்பைப் பற்றிக் கேட்டபோது, ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023’ என்றாளாம். கேட்டவர்களுள் ஒருவர் சிரித்துவிட்டு, அருகிலிருந்தவரிடம் ஏதோ சொன்னாராம். அதற்குப்பின் இவளுக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதவள், இனி எந்தத் தேர்வுக்கும் போகமாட்டேன் என்கிறாள். அந்த வாக்கியத்தில் அப்படி என்ன பிழை? எனக்கு ஆங்கிலம் தெரியாது. தாங்கள்தாம் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். (ஒரு தந்தை)

விடை: ஐயா, வாக்கியத்தில் பிழை உண்டு, ஆனால் அது மிகச் சிறியது. சிரித்தவர் செய்த பிழை அதனினும் பெரியது. முன்னதை இங்கே விளக்குகிறேன். பின்னதைப் பற்றி முடிவில் சொல்கிறேன்.

தமிழில் ‘2023ஆம் ஆண்டில் பட்டப் படிப்பை முடித்திருக்கிறேன்’ என்று சொன்னால் குற்றமில்லை. தங்கள் மகள் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலத்திலோ ‘ஹேவ்’ என்னும் துணைவினை, நடந்ததை இன்றைய நிலையோடு பிணைப்பது. முடிந்துபோன காலம் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால், அந்தப் பிணைப்பை ஆங்கிலம் ஏற்பதில்லை. நேற்று, சென்ற வாரம், இரண்டு நாளைக்கு முன், 2023இல் ஆகிய இவையெல்லாம் சாத்திய கதவுகள். அவற்றோடு ‘ஹேவ்’ சேராது. ஆகவே ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023’ என்க. அல்லது ஆண்டை விட்டுவிட்டு ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி’ என்க. இரண்டும் சரியே.

இன்று, இவ்வாரம், இவ்வாண்டு என்பன இன்னும் சாத்தாத கதவுகள். அவற்றோடு ‘ஹேவ்’ வரலாம். காலை பத்து மணிக்குப் பேசும் ஒருவர் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ என்பார். அவரே மாலையில் பேசும்போது, காலைப்பொழுது கழிந்துவிட்டதால், ‘ஐ சா ஹிம் திஸ் மார்னிங்’ என்பார். மாறியது பொழுது ஒன்றே. வாக்கியமும் அதனோடு மாறியது. ‘ஹேவ்’ வரவேண்டும் என்று ஆங்கிலேயர் கருதும் சில இடங்களில் அமெரிக்கர் அதை விட்டுவிட்டுப் பேசுவதும் உண்டு. நுட்பம் இவ்வளவே. அழுவதற்குரிய பொருள் இதில் ஏதுமில்லை.

வினா: ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டும் எனக்கு எப்போதும் மாறிப்போகின்றன. எளிய வழி உண்டா? (மேல்நிலைப் பள்ளி மாணவன்)

விடை: உண்டு, தம்பி. தமிழில் சொல்லிப் பார். ‘பத்து ஆண்டுகளாக’ என்று ‘ஆக’ வந்தால் அது கால அளவு, ‘ஃபார்’ போடு. ‘2015 முதல்’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று தொடக்கம் வந்தால் ‘சின்ஸ்’ போடு. ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது நம்மிடையே அன்றாடம் கேட்கும் வாக்கியம். அதில் பிழை இரண்டு. ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே செம்மை. அன்று தொடங்கிய வாழ்வு இன்றும் தொடர்வதால் இங்கே ‘ஹேவ்’ வேண்டும். முதல் மடலில் சொன்ன பிணைப்பு இதுவே.

வினா: ‘எ’, ‘ஆன்’ என்னும் இரண்டில் எதை எங்கே போடுவது? ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ’ வந்தால் ‘ஆன்’ என்று மனப்பாடம் செய்வித்தேன். ஆனால் ‘ஆன் யூனிவர்சிட்டி’ என்று எழுதிய என் மகனுக்கு மதிப்பெண் போயிற்று. (ஒரு தாய்)

விடை: அம்மா, அந்த மனப்பாடம் எழுத்தைப் பார்க்கச் சொல்கிறது; விதியோ ஒலியைக் கேட்கச் சொல்கிறது. தமிழர்க்கு இதில் ஓர் எளிய உபாயம் உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லைச் சரியாக உச்சரித்து, அதன் ஒலியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, இல்லையேல் ‘எ’. ‘யூனிவர்சிட்டி’, ‘யூரோப்பியன்’ ஆகியவை யகரத்தில் தொடங்குவதால் ‘எ’. ஒன்று என்னும் பொருளுடைய ‘வன்’ வகரத்தில் தொடங்குவதால் ‘எ வன் ருப்பீ காயின்’. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் முதலெழுத்து ஊமை. ஒலிப்பது ‘அவர்’ என்றே. ஆகவே ‘ஆன் அவர்’. ‘ஆன் எம்.எல்.ஏ.’, ‘ஆன் எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிஃபிகேட்’ என்பனவும் இவ்வாறே. ‘எ பி.ஏ.’ என்பவரே மேலும் படித்தால் ‘ஆன் எம்.ஏ.’ ஆகிறார்!

இது நமக்குப் புதியதன்று. ‘ஒரு வீடு’ என்கிறோம். ‘ஓர் ஊர்’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘ஆன்’ என்பதும் பழங்காலத்தில் ‘ஒன்று’ என்னும் பொருள் தந்த சொல்லே. பின்னாளில் மெய்யொலிக்கு முன் அதன் னகரம் தேய்ந்து ‘எ’ ஆயிற்று. இந்த னகரம் எந்தச் சொல்லுக்கு உரியது என்று மக்களே மயங்கிய வேடிக்கையும் உண்டு. கிரிக்கெட் நடுவரை இன்று ‘ஆன் அம்பயர்’ என்கிறோம். பழைய ஆங்கிலேயர்க்கு அச்சொல் ‘நம்பயர்’ என்பதுபோல னகரத்தில் தொடங்கியது. ‘எ நம்பயர்’ என்பதை ‘ஆன் அம்பயர்’ என்று செவி பிரித்துக்கொண்டது. சமையலில் உடைமேல் கட்டும் ‘ஏப்ரன்’ என்பதும் முன்னே ‘நேப்ரன்’ என்றே இருந்தது. பலர் கூடிப் பிழையாகக் கேட்டது நிலைத்துப்போய் இன்று சரியாகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

வினா: ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதலாமா? (ஒரு சங்கச் செயலாளர்)

விடை: வேண்டாம். ‘அதைப் பற்றிக் கலந்து பேசினோம்’ என்னும் தமிழிலிருந்து அந்த ‘அபௌட்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘டிஸ்கஸ்’ என்பதற்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியுள்ளது. ‘வி டிஸ்கஸ்ட் தி அக்கௌண்ட்ஸ்’ என்றால் போதும். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதிலும் ‘பேக்’ மிகை. ‘ஒருவரோடு திருமணமாயிற்று’ என்று நாம் சொல்வதால் ‘மேரீட் வித்’ என்று எழுதுகிறோம். ஆங்கிலம் ‘மேரீட் டு’ என்னும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பதும் பிழை. பலருள் ஒருவர் என்பதால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை வேண்டும். சங்க அறிக்கைகளில் இந்நான்கையும் திருத்திவிட்டாலே பாதி அறிக்கை செம்மையாகிவிடும்.

வினா: வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கலாகாது என்றும், ‘டு’ என்பதற்கும் வினைக்கும் இடையே வேறு சொல் புகலாகாது என்றும் எனக்குக் கற்பித்தார்கள், நானும் கற்பித்து வருகிறேன். புதிய பாடநூல்கள் இவ்விதிகளைப் பொருட்படுத்தவில்லையே? (ஓர் ஆசிரியை)

விடை: அம்மா, இவ்விரு விதிகளும் எவ்வாறு பிறந்தன என்று அறிந்தால் தங்கள் மனம் இலேசாகும். குருமடத்தில் இலத்தீன் பயின்றவன் என்னும் முறையிலும் இதில் எனக்குச் சிறிது ஈடுபாடு உண்டு.

வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல் வருவதை முதன்முதல் குறைகூறியோருள் கவிஞர் ஜான் டிரைடன் ஒருவர். 1672இல் அவர், தமக்கு முற்பட்ட நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் இக்குறையைக் கண்டார். பின்பு தம் பழைய நூல்களிலும் இவ்வகை வாக்கியங்களைத் தேடித் திருத்தினார். அதன்பின் 1762இல் இராபர்ட் லௌத் என்பவர் ஆங்கில இலக்கணம் ஒன்று வெளியிட்டார். பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் இலண்டன் ஆயராக விளங்கியவர் இவர். முன்னிடைச்சொல்லை இறுதியில் வைப்பது பேச்சு நடைக்கு ஏற்றது, உயர்நடைக்கு அத்துணை அழகன்று என்பதே அவர் கூறியது. அதைக் கூறும் வாக்கியத்திலேயே அவரும் முன்னிடைச்சொல்லை இறுதியில் வைத்தார்! அவர் அழகு பற்றிக் கூறியதை அவருக்குப்பின் வந்தோர் சட்டமாக்கிவிட்டனர்.

இலத்தீனில் ‘முன்னே வைக்கப்படுவது’ என்பதே அவ்விடைச்சொல்லின் பெயர்ப்பொருள். பெயருக்கு முன்னேதான் அது நிற்கும். வாக்கிய இறுதியில் தனித்து நில்லாது. ஆங்கிலம் இலத்தீனின் மகளன்று. ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்று கேட்பதே அதன் இயல்பு. ‘அட் வாட் ஆர் யூ லுக்கிங்?’ என்று வீட்டில் யார் கேட்பார்? நம் தமிழிலோ வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னேதான் வருகின்றன. ஒரு மொழியின் சட்டையை மற்றொரு மொழிக்கு மாட்டினால் தோள் இறுகும்.

‘டு’ பற்றிய விதி இன்னும் இளையது. லௌத் நூலில் அது இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் அது வலுப்பெற்றது. கேண்டர்பரி பேராலய முதல்வராயிருந்த ஹென்றி ஆல்ஃபோர்டு, அரசியாரின் ஆங்கிலம் பற்றி 1864இல் வெளியிட்ட நூலில் இப்பிரிப்பைக் கண்டித்தார். இலத்தீனில் ‘அன்புசெய்ய’ என்பதற்கு ‘அமாரே’ என ஒரே சொல், பிரிக்க வழியில்லை. ஆங்கிலத்தில் அது ‘டு லவ்’ என இரு சொல்; இடமும் உண்டு, சில வேளைகளில் தேவையும் உண்டு. ‘டு கிளியர்லி அண்டர்ஸ்டாண்ட்’ என்று ஒரு மாணவி எழுதினால் சிவப்பு மை வேண்டியதில்லை. 1926இல் ஆங்கில வழக்கு அகராதி இயற்றிய எச்.டபிள்யூ. ஃபவுலர், இவ்விதியின்பால் மக்கள் கொண்ட மனப்பான்மையை ஐந்து வகையாகப் பிரித்து நகைச்சுவையோடு எழுதினார். இதை அறியாமலும் கவலைப்படாமலும் இருப்போரே நிம்மதியானவர் என்பது அவர் கருத்து.

எனவே தாங்கள் கற்பித்தது பாவமன்று. ஆனால் இனி மதிப்பெண் குறைக்காதீர்கள்.

வினா: ஒருவரைப் பார்த்து ‘யூ ஆர்’ என்கிறோமே, ‘ஆர்’ பன்மையல்லவா? பாலறியாத ஒருவரை ‘தே’ என்று குறிப்பதும் இப்போது காண்கிறேன். இது என்ன இலக்கணம்? (ஓய்வுபெற்ற எழுத்தர்)

விடை: தாங்கள் ஐயுற்றது முறையே. ‘யூ’ பன்மைதான். ஒருவரைக் குறிக்க முன்னே ‘தவ்’ என்னும் சொல் இருந்தது. நம் ‘நீ’ போன்றது. பெரியோரை ‘யூ’ என்று பன்மையில் அழைக்கும் மரியாதை பரவியது. பின் எல்லாரையும் அவ்வாறே அழைத்து, ‘தவ்’ பொதுப் பேச்சிலிருந்து மறைந்தது. பழைய ஆங்கிலச் செபங்களில் அது தங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரும் அவர் வழிவந்த குவேக்கர் சபையினரும், ஒருவரைப் பன்மையில் அழைப்பது முகமன் என்று மறுத்து, எவரையும் ‘தவ்’ என்றே விளித்துத் துன்பமும் ஏற்றனர். மொழி அவர்கள் வழி நிற்கவில்லை.

தமிழர்க்கு இது வியப்பன்று. ‘அவர்’ பழந்தமிழில் பலரைக் குறித்தது. இன்று மதிப்புக்குரிய ஒருவரைக் குறிக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண நெறியன்று, வழக்கில் எழுந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே பிரித்துக் காட்டுகிறது. விதியையும் வழக்கையும் அத்துணைத் தெளிவாக வேறுபடுத்திய நூல் நம்முடையது. ஆண், பெண் இருவர்க்கும் நம் ‘அவர்’ பொதுவாய் நிற்பதுபோல, ஆங்கிலத்தில் ‘தே’ ஒருவரைக் குறிக்க வருகிறது. இது நேற்றுப் பிறந்த வழக்கன்று. பதினான்காம் நூற்றாண்டு முதல் எழுத்தில் காணப்படுகிறது.

வினா: ‘பிரிபோன்’, ‘கசின் பிரதர்’, ‘டூ தி நீட்ஃபுல்’ என்பவற்றையெல்லாம் தவறான ஆங்கிலம் என்று என் மருமகன் கேலி செய்கிறார். உண்மைதானா? (ஒரு மாமனார்)

விடை: கேலிக்கு இடமில்லை. ‘போஸ்ட்போன்’ தள்ளிவைப்பது, ‘பிரிபோன்’ முன்னே கொணர்வது. தேவைக்குப் பிறந்த சொல். இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது. ‘டூ தி நீட்ஃபுல்’ என்பது பிரிட்டானியரே அலுவலகங்களில் எழுதிய பழைய தொடர். அவர்கள் கைவிட்டனர், நாம் காத்து வருகிறோம். சித்தப்பா மகனுக்கும் மாமன் மகனுக்கும் உள்ள வேறுபாடு நம் குடும்பங்களில் பெரிது. ஆங்கிலத்தில் இருவரும் ‘கசின்’ ஒன்றே. உடன்பிறந்தான் முறையினனைக் காட்ட ‘பிரதர்’ சேர்த்தோம். உள்ளூரில் பேச இவை போதும். வெளிநாட்டார்க்கு எழுதுகையில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் உண்மையிலேயே விழிப்பு வேண்டிய சில சொற்கள் உண்டு. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்றால் நாம் பட்டம் பெற்றதாகக் கொள்வோம். இங்கிலாந்தில் கேட்பவர், மயங்கி விழுந்ததாகக் கொள்ளக்கூடும். மற்றொரு சொல்லால் நானே பட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உதவிப் பங்குத் தந்தையாயிருந்த காலம். பங்கு நூலகத்திற்கென்று வெளிநாட்டு முதியவர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து பணம் அனுப்பியிருந்தார். எவ்வகை நூல்கள் வாங்கலாம் என்று கேட்க எண்ணி, ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் கிஃப்ட்’ என்று தொடங்கி ஒரு மடல் எழுதினேன். தமிழில் ‘ஒரு சந்தேகம்’ என்றால் வினா. அதைத்தான் எழுதியதாக நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து நான்கே வரியில் மறுமொழி வந்தது. அப்பணம் நேர்மையாக ஈட்டியது என்றும், ஐயுறவு இருப்பின் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் எழுதியிருந்தார்.

நடுங்கிப்போய் அம்மடலைப் பெரிய சாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். ‘நீர் கேட்க நினைத்தது கொஸ்சன், எழுதியது டவுட். நமக்கு இரண்டும் ஒன்று. அவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு. உட்காரும், இப்போதே எழுதுவோம்’ என்றார். அன்றிரவு அவரே அருகிருந்து என் விளக்க மடலைத் திருத்திக் கொடுத்தார். முதியவர் மனம் தேறி மீண்டும் எழுதினார், நூலகமும் அமைந்தது. ஆயினும் ஒரு நல்ல மனிதர் என் ஒரு சொல்லால் நொந்திருந்தாரே, அந்த நாட்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

இப்போது முதல் மடல் எழுதிய தந்தைக்கு வருகிறேன். ஐயா, இதுகாறும் கண்டவற்றை மூன்றாகப் பகுக்கலாம். பொருளையே மாற்றிவிடும் பிழை ஒரு வகை. என் ‘டவுட்’ அத்தகையது. அதை அன்றே திருத்த வேண்டும். பொருள் விளங்கியும் வழக்கோடு பொருந்தாத பிழை இன்னொரு வகை. தங்கள் மகளின் ‘ஹேவ்’ அத்தகையது. பழகப் பழக நீங்கும். பிழையே அல்லாததைப் பிழையென்று அஞ்சுவது மூன்றாம் வகை. அதை இன்றே விட்டொழிக்க வேண்டும்.

தங்கள் மகள் எந்த ஆண்டில் எதை முடித்தாள் என்பது அந்த அறையிலிருந்த எல்லார்க்கும் விளங்கிற்று. சிரித்தவருக்கும் விளங்கிற்று, விளங்கியதால்தான் சிரித்தார். தான் ஒரு காலத்தில் கற்றுக்கொண்டதை மற்றவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கையில் நகைப்பது புலமையன்று. அன்று பெரிய சாமியாரும் சிரித்திருந்தால், இன்று இப்பகுதியை எழுத எனக்குத் துணிவு வந்திராது.

மகளிடம் இவ்வளவு சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஐந்தாறு செய்திகளே: பெயர், ஊர், படிப்பு, குடும்பம், முன் செய்த வேலை, இவ்வேலையை விரும்பும் காரணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு வாக்கியங்கள் எழுதி, அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்கட்டும். நாள்தோறும் அவற்றை உரக்கச் சொல்லிப் பழகட்டும். தாங்கள் எதிரே அமர்ந்து கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? தயங்காமல் சொல்கிறாளா என்று அறியத் தங்கள் செவி போதும். அந்த வாக்கியத்தையும் அதில் முதலாவதாக வைக்கட்டும்: ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023.’

வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலம் பேச முயலும்போது தம்பி தங்கையரோ, படித்த உறவினரோ நகைத்தால், பெற்றோரே, அதை உடனே தடுத்துவிடுங்கள். பிழை திருத்தத் தனியிடம் உண்டு, நேரமும் உண்டு. வாய் மூடிப்போன பிள்ளையை மீண்டும் பேசவைப்பதுதான் அரிது.

அடுத்த இதழில் விண்ணப்பக் கடிதங்களைப் பற்றிப் பார்ப்போம். ஐயங்களை எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம்.